சீட்டை நாலாக மடித்துக்கொண்டு வரும் தங்கைகளுக்கு



பாபநாசத்தில் ஒரு மருந்துக் கடையின் கல்லாவுக்கு உட்பக்கம் பத்தொன்பது வருஷமாக நிற்கிறவள் எழுதுகிறேன். உங்களில் சிலருக்கு என் முகம் தெரியும். பெயர் தெரியாது, 'மெடிக்கல் அக்கா' என்றுதான் கூப்பிடுவீர்கள். உங்கள் பெயரும் எனக்குத் தெரியாது. ஆனால் எப்படி வருவீர்கள் என்று தெரியும். கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து, மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் வருவீர்கள். இருமல் மருந்து வாங்க வந்த பெரியவர் போகும்வரை சோப்பு அடுக்கைப் பார்த்துக்கொண்டு நிற்பீர்கள். பிறகு நாலாக மடித்த சீட்டை நீட்டுவீர்கள். சீட்டு இல்லாதவர்கள் குரலைத் தாழ்த்தி, "அக்கா, ஈகோஸ்பிரின் எழுபத்தஞ்சு ஒரு அட்டை" என்பீர்கள்.

அதே மாத்திரையை, ஸ்டென்ட் வைத்த ஆம்பிளைகள் தெருவுக்கே கேட்கிற மாதிரி கேட்டு வாங்கிப் போகிறார்கள். நீங்கள் மட்டும் ஏன் கிசுகிசுக்கிறீர்கள் என்று நான் கேட்டதில்லை. ஒரு காலத்தில் நானும், கடைப்பையன் டீ குடிக்கப் போன நேரத்தில், ஒரு அட்டையைக் கைப்பையில் போட்டுக்கொண்டு கல்லாவில் காசு போட்டவள்தான்.

எங்கள் ஊருக்குப் பக்கத்தில்தான் திருக்கருகாவூர். கருவைக் காக்கும் கர்ப்பரட்சாம்பிகையைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வெளியூர்க்காரர்களும் எங்கள் கடை வாசலில் வண்டியை நிறுத்துவார்கள். கையில் கோயில் நெய், பையில் மருந்துச் சீட்டு. இரண்டையும் சேர்த்தே பார்த்துப் பழகிய கண் இது. அம்பாளை நம்புவதில் எனக்குத் தகராறு கிடையாது. நானும் நாற்பத்தெட்டு நாள் அந்த நெய்யைச் சாப்பிட்டவள். மாத்திரையையும் அதே மாதிரி நம்புகிறீர்களே, அதில்தான் எனக்குத் தகராறு. அதற்காகத்தான் இந்த மடல்.

2012இல் எனக்கு முதல் கரு தங்கவில்லை. எட்டாவது வாரம். ஸ்கேன் எடுத்தவர் ஒன்றும் பேசாமல் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். அதிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. வீட்டுக்கு வந்ததும் விசாரணை ஆரம்பித்தது. மாமியார் பப்பாளியைச் சொன்னார். அம்மா, நான் கடைக்கு மொபெட்டில் போய்வந்ததைச் சொன்னாள். நான் என்னையே சொல்லிக்கொண்டேன். தினமும் எத்தனை டாக்டர் சீட்டைப் பார்க்கிறேன், கரு கலைந்தவர்களுக்கெல்லாம் எழுபத்தைந்து மில்லிகிராம் ஆஸ்பிரின், அதாவது இந்த ஈகோஸ்பிரின், எழுதுகிறார்களே, எனக்கு ஏன் முதலிலேயே தோன்றாமல் போயிற்று என்று. யாரையும் கேட்காமல் நானே ஆரம்பித்தேன். டிப்ளமோ இன் பார்மசி படித்தவளுக்குத் தெரியாததா என்ற திமிர் வேறு.

2013இல் இரண்டாவது. அதுவும் ஏழு வாரத்தோடு போயிற்று. அதற்கு முந்தைய வாரம் மாயவரத்தில் நாத்தனார் கல்யாணம். மாத்திரை அட்டையை வீட்டிலேயே மறந்துவிட்டுப் போய், மூன்று நாள் சாப்பிடவில்லை. அந்த மூன்று நாளை நான் ஒன்றரை வருஷம் சுமந்தேன். கல்யாண ஆல்பத்தை அதற்குப் பிறகு வெகுகாலம் நான் திறக்கவே இல்லை. பட்டுப்புடவையும் கனகாம்பரமுமாகச் சிரிக்கிற அந்தப் பெண்ணைப் பார்த்தால், 'மூணு மாத்திரை முழுங்க உனக்கு நேரமில்லையாடி' என்று கேட்கத் தோன்றும்.

இப்போது சொல்கிறேன்: அந்த மூன்று மாத்திரைக்கும் அந்தக் கரு போனதற்கும் சம்பந்தம் இருந்திருக்கும் என்று நினைக்க ஒரு காரணமும் இல்லை. ஏன் என்று தெரிய வேண்டுமானால் மாத்திரை உள்ளே போய் என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும்.

ஆஸ்பிரின் ஒன்றும் புதுச் சரக்கு இல்லை. ஜெர்மனியில் பேயர் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் 1897இல் உருவாகி, 1899இல் விற்பனைக்கு வந்தது. அது உடம்பில் எப்படி வேலை செய்கிறது என்பதை ஜான் வேன் என்ற ஆங்கிலேயர் 1971இல்தான் கண்டுபிடித்தார்; அதற்கு 1982இல் நோபல் பரிசு. எழுபது வருஷத்துக்கு மேல், எப்படி வேலை செய்கிறது என்று தெரியாமலே உலகம் அதை முழுங்கியிருக்கிறது. நம் மாத்திரைக்கு வருகிறேன். இரத்தத்தில் தட்டணுக்கள் என்று உண்டு, அடிபட்டால் ஓடிவந்து ஒன்றோடொன்று ஒட்டி இரத்தத்தை நிறுத்துபவை. குறைந்த அளவு ஆஸ்பிரின் அந்தத் தட்டணுவின் ஒட்டும் குணத்தைக் குறைத்துவிடுகிறது. ஒருமுறை குறைத்தால், அந்தத் தட்டணுவின் ஆயுள் முழுக்க, அதாவது ஏழிலிருந்து பத்து நாள் வரை, அது திரும்ப வராது. புதிதாகப் பிறக்கும் தட்டணுக்கள்தான் மருந்து படாமல் வரும். ஆக, ஒரு நாள் மறந்தால் நேற்றைய மாத்திரையின் வேலை இன்றும் பெருமளவு உடம்பில் இருக்கிறது. ஒரு வேளை தவறியதும் எல்லாம் அறுந்து விழ இது நூலில் தொங்கவில்லை.

அடுத்த விஷயம் இதைவிடப் பெரியது. 'கருவைத் தாங்குற மாத்திரை' என்றுதானே இதை நம் ஊரில் சொல்கிறோம்? 'ரத்தம் நீர்த்து ஓடினா கரு நிக்கும்' என்று என்னிடமே எத்தனையோ பேர் விளக்கியிருக்கிறார்கள். நானும் மண்டையை ஆட்டியிருக்கிறேன். அமெரிக்காவில் இதைச் சரியாகச் சோதித்துப் பார்த்தார்கள். ஒன்று அல்லது இரண்டு முறை கருவை இழந்து, மறுபடி முயற்சி செய்துகொண்டிருந்த 1228 பெண்கள். பஃபலோ, ஸ்க்ராண்டன், சால்ட் லேக் சிட்டி, டென்வர் என்று நாலு ஊர்களில், 2007இலிருந்து 2011 வரை. பாதிப் பேருக்குத் தினம் 81 மில்லிகிராம் ஆஸ்பிரின், பாதிப் பேருக்கு அதே மாதிரித் தெரியும் வெறும் மாத்திரை. இரண்டு பக்கமும் ஃபோலிக் ஆசிட் உண்டு. யாருக்கு எது என்று அந்தப் பெண்களுக்கும் தெரியாது, கொடுத்தவர்களுக்கும் தெரியாது. ஆறு மாதவிடாய்ச் சுழற்சி வரை முயற்சி. கரு நின்றால் 36 வாரம் வரை மாத்திரை தொடரும். 2014இல் லான்செட் இதழில் முடிவு வந்தது.

ஆஸ்பிரின் சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு 58 பேர் பிள்ளை பெற்றார்கள். வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களில் 53 பேர். இந்த ஐந்து பேர் வித்தியாசம் தற்செயலாகவும் வந்திருக்கலாம் என்பதால், மருந்து வேலை செய்தது என்று அவர்களால் அடித்துச் சொல்ல முடியவில்லை. அது இருக்கட்டும். நான் கணக்கில் விரல் வைத்து நின்ற இடம் வேறு. கரு கலைந்தது எத்தனை பேருக்கு? ஆஸ்பிரின் பக்கம் நூற்றுக்கு 13, வெறும் மாத்திரைப் பக்கம் 12. குறையவே இல்லை! கொஞ்சம் நன்மை இருந்திருந்தால்கூட அது கரு உண்டாவதில்தான் இருந்திருக்க வேண்டும், உண்டானதைத் தாங்குவதில் இல்லை. நாம் எந்தக் காரணத்துக்காக அதை அட்டை அட்டையாக வாங்குகிறோமோ, அந்த இடத்தில்தான் அது கைவிரித்திருக்கிறது.

மாத்திரையால் கருவைத் தாங்க முடியாது என்று முதன்முதலில் எனக்குச் சொன்னது தஞ்சாவூரில் நான் மூன்றாவது முறைக்குப் போய்ப் பார்த்த மருத்துவர். வயதானவர், அதட்டிப் பேசுகிறவர். என் மூன்று நாள் கதையை அழுதுகொண்டே சொன்னேன். "கரு கலையறதுல பாதிக்கு மேல அந்தக் கருவோட குரோமோசோம்லயே கணக்கு தப்பி வந்தது. உன் மாத்திரை என்ன, அந்த ஆண்டவனே வந்தாலும் அதை ஒட்டவைக்க முடியாது. மூஞ்சியைக் கழுவிட்டு வா" என்றார். அதட்டலில் இவ்வளவு ஆறுதல் இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. முதல் மூன்று மாதத்துக்குள் நடக்கும் இழப்புகளுக்கு அவர் சொன்னதுதான் நிலவரம். கர்ப்பம் என்று உறுதியானவர்களில் நூற்றுக்குப் பதினைந்து பேருக்கு இது நடக்கிறது. உங்கள் தெருவில் பிள்ளை பெற்ற பெண்களை எண்ணிப் பாருங்கள். அதில் சொல்லாமல் மறைத்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்று நீங்களே கணக்குப் போடலாம்.

அப்படியானால் மாத்திரையைக் குப்பையில் போட்டுவிடலாமா? அதையும் நான் சொல்ல மாட்டேன். அந்த அமெரிக்க ஆய்வின் கணக்கையே பிற்பாடு வேறு வேறு விதமாகப் பிரித்துப் பார்த்தார்கள். உடம்பில் அழற்சி இருப்பதைக் காட்டும் சி.ஆர்.பி. என்ற இரத்தப் பரிசோதனை அளவு அதிகமாக இருந்த பெண்களை மட்டும் தனியே எடுத்தபோது, வெறும் மாத்திரைக்காரர்களில் நூற்றுக்கு 44 பேர், ஆஸ்பிரின்காரர்களில் 59 பேர் பிள்ளை பெற்றிருந்தார்கள். சாதாரண வித்தியாசம் இல்லை. 2021இல் இன்னொரு கணக்கு வந்தது. வாரத்தில் ஐந்து நாளாவது ஒழுங்காக, அதுவும் கரு உண்டாவதற்கு முன்பிருந்தே சாப்பிட்டவர்களில் நூற்றுக்குப் பதினைந்து பிறப்பு கூடுதல், இழப்பும் ஆறு குறைவு என்று அது சொல்கிறது. ஆனால் இவை ஆய்வு முடிந்த பிறகு பிரித்தெடுத்த கணக்குகள். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறவள் தூக்கம், சாப்பாடு, டாக்டரிடம் போவது எல்லாவற்றிலும் ஒழுங்காக இருக்கக்கூடியவள். எதனால் எது என்று பிரிப்பது கஷ்டம். போதாக்குறைக்கு அந்த 1228 பேரில் ஏறக்குறைய எல்லோரும் வெள்ளையினப் பெண்கள். பாபநாசத்துப் பெண்ணுக்கு அதை அப்படியே தைத்துப் போட முடியாது.

இதில் ஒன்றைக் கவனித்தீர்களா? 'ஒழுங்காக' என்று ஆராய்ச்சிக்காரர்களே வைத்த அளவு வாரத்தில் ஐந்து நாள். இரண்டு நாளுக்கு அவர்களே மன்னிப்பு கொடுத்திருக்கிறார்கள். நமக்கு நாம் அதைக்கூடக் கொடுப்பதில்லை.

இனி, இந்த மாத்திரை நிஜமாகவே தேவைப்படுகிறவர்களைப் பற்றி. உங்களில் சிலர் அவர்களாக இருக்கலாம். அது தெரியாமலே வெறும் எழுபத்தைந்தை நம்பி உட்கார்ந்திருக்கலாம். அதுதான் எனக்குப் பயம்.

சில பெண்களின் உடம்பு, இரத்தத்தை உறையவைக்கும் ஒருவகை எதிர்ப்பொருளைத் தானே தயாரிக்கிறது. லண்டனில் கிரஹாம் ஹியூஸ் என்ற மருத்துவர் 1983இல் இதை விவரித்தார். ஆன்டிபாஸ்போலிபிட் சிண்ட்ரோம் என்று பெயர். லேபில் 'ஏ.பி.எல்.ஏ. டெஸ்ட்' என்பார்கள். நஞ்சுக்கொடி வேர்பிடிக்கும் இடத்தை இந்த எதிர்ப்பொருள் கெடுத்துவிடும், கரு திரும்பத் திரும்பக் கலையும். லண்டன் செயின்ட் மேரீஸ் மருத்துவமனையில் இப்படிப்பட்ட 90 பெண்களை வைத்து ஒரு சோதனை செய்து 1997இல் வெளியிட்டார்கள். 45 பேருக்கு ஆஸ்பிரின் மட்டும்; 45 பேருக்கு ஆஸ்பிரினோடு, இரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெபாரின் ஊசியும். ஆஸ்பிரின் மட்டும் எடுத்தவர்களில் 19 பேருக்குக் குழந்தை. ஊசியும் போட்டவர்களில் 32 பேருக்கு. இந்தக் கணக்கை நான் படித்த அன்று கடையை மூடிய பிறகும் வெகுநேரம் உள்ளேயே உட்கார்ந்திருந்தேன். சீட்டு இல்லாமல் நான் ஆஸ்பிரின் கொடுத்து அனுப்பிய பெண்களில் எத்தனை பேருக்கு அந்த ஊசியும் தேவைப்பட்டிருக்கும்? மாத்திரை கையில் இருக்கிறது என்ற தைரியத்தில் எத்தனை பேர் பரிசோதனைக்கே போகாமல் இருந்திருப்பார்கள்? அதில் என் பங்கு உண்டு. மறுக்கவில்லை.

ஆகவே இரண்டு, மூன்று முறை கரு போயிருந்தாலோ, பத்து வாரம் தாண்டி இதயத்துடிப்பெல்லாம் வந்த பிறகு ஒருமுறை போயிருந்தாலோ, மருத்துவரிடம் இந்தப் பரிசோதனையைப் பற்றி வாய்விட்டுக் கேளுங்கள். மூன்று பரிசோதனை உண்டு: லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட், கார்டியோலிபின், பீட்டா 2 கிளைகோபுரோட்டீன். முதல் பெயரைப் பார்த்து, லூபஸ் நோய் வந்துவிட்டதோ என்று நடுங்காதீர்கள். அந்தப் பெயர் வந்தது ஒரு பழைய குழப்பத்தால், இது வந்தால் அது இருக்கிறது என்று அர்த்தமில்லை. ஒருமுறை பாசிட்டிவ் வந்தால் அதோடு முடிவு கட்டக்கூடாது. குறைந்தது பன்னிரண்டு வாரம் விட்டு மறுபடி எடுத்து அப்போதும் வந்தால்தான் கணக்கு. காய்ச்சல் போன்ற தொற்று வந்த சமயத்திலும் இது தற்காலிகமாக ஏறும். மூன்று மாதம் காத்திருக்கச் சொன்னால் 'இவருக்கு ஒண்ணும் தெரியல' என்று டாக்டரை மாற்றிவிடாதீர்கள். உறுதியானால், கரு உண்டாவதற்கு முன்பே ஆஸ்பிரின், உண்டானது தெரிந்ததும் ஹெபாரின் ஊசி என்பதுதான் இப்போது பரவலாகக் கடைப்பிடிக்கும் முறை. ஊசியை வயிற்றில் தானே போட்டுக்கொள்ள வேண்டியிருக்கும். பயமாகத்தான் இருக்கும், ஒரு வாரத்தில் பழகிவிடும். எங்கள் கடையில் வாங்குகிற ஒரு பெண் சீரியல் பார்த்துக்கொண்டே போட்டுக்கொள்வாளாம்.

எல்லாப் பரிசோதனையும் எடுத்து, ஒன்றும் தெரியவில்லை, ஆனால் திரும்பத் திரும்பப் போகிறது என்கிறவர்களுக்கு நான் இனிப்பாக எதுவும் சொல்ல முடியாது. நெதர்லாந்தில் அப்படிப்பட்ட 364 பெண்களைச் சோதித்து 2010இல் வெளியிட்டார்கள். பிள்ளை பெற்றவர்கள், ஆஸ்பிரின் எடுத்தவர்களில் நூற்றுக்கு 50.8, ஆஸ்பிரினும் ஊசியும் எடுத்தவர்களில் 54.5, இரண்டும் எடுக்காதவர்களில் 57. ஒன்றும் எடுக்காதவர்கள்தான் முன்னால் நிற்கிறார்கள். அந்த வித்தியாசம் பொருட்படுத்தும் அளவு இல்லை, ஆனால் மருந்தால் பயன் என்று சொல்ல வழியில்லை. ஐரோப்பிய மருத்துவர்களின் வழிகாட்டுதல் இவர்களுக்கு இரண்டும் வேண்டாம் என்றே சொல்கிறது. அந்த 57ஐ மட்டும் இன்னொருமுறை படியுங்கள். பல முறை இழந்தவர்கள் அவர்கள். மருந்தே இல்லாமல் பாதிக்கு மேல் பெற்றிருக்கிறார்கள்.

இன்னொரு ஆஸ்பிரின் இருக்கிறது, அதை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது. கரு நின்று மூன்றாவது மாதம் முடியும்போது சிலருக்கு டாக்டர் 150 எழுதுவார், இரவில் சாப்பிடச் சொல்வார். உடனே என்னிடம் ஓடிவந்து, "டோஸ் ஏத்திட்டாங்க அக்கா, ஏதோ பிரச்சினை போல" என்று கலங்குகிறார்கள். அது கரு கலையாமல் இருக்கத் தரும் மருந்தே இல்லை. பிற்பாடு இரத்த அழுத்தம் எகிறி, சிறுநீரில் புரதம் போய், தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்தாகும் ப்ரீ எக்லாம்ப்சியா வராமல் தடுக்க. ஆபத்து அதிகமுள்ள 1776 பெண்களிடம் செய்த சோதனையில், குறைமாதத்தில் வரும் அந்த நோய் 4.3 சதவீதத்திலிருந்து 1.6 சதவீதமாகக் குறைந்தது. 2017இல் வந்த முடிவு. அந்தச் சீட்டைக் கொண்டு வந்தால் நான் ஒரு வார்த்தை பேசாமல் எடுத்துக் கொடுப்பேன், நீங்களும் பேசாமல் சாப்பிடுங்கள்.

இப்போது கடைக்காரியாகச் சில வார்த்தை.

சென்ற வருஷம் ஒரு பெண் காலி அட்டையைக் காட்டி, இதே மாதிரி இன்னொன்று வேண்டும் என்றாள். வாங்கிப் பார்த்தேன். வயிற்றைக் கலக்கியது. அது வெறும் ஆஸ்பிரின் இல்லை, ஆஸ்பிரினோடு அட்டோர்வாஸ்டாட்டின் என்ற கொழுப்புக் குறைக்கும் மருந்தும் சேர்ந்த கேப்சூல். மாமனாருடைய மாத்திரை டப்பாவிலிருந்து எடுத்துச் சாப்பிட்டிருக்கிறாள். "பேரு ஒண்ணுதானேக்கா" என்றாள். பெயர் கிட்டத்தட்ட ஒன்றுதான். பின்னால் ஒட்டியிருக்கும் எழுத்தைத்தான் அவள் பார்க்கவில்லை. கர்ப்பத்துக்கு முயற்சி செய்கிறவர்களுக்கு அந்தக் கொழுப்பு மருந்தை வழக்கமாகக் கொடுப்பதே இல்லை. நல்லவேளை, அவளுக்கு அப்போது நாள் தள்ளிப்போகவில்லை. அன்றே டாக்டரிடம் அனுப்பினேன்.

மாத்திரையை உடைக்கவோ மெல்லவோ வேண்டாம். வயிற்றைப் புண்ணாக்காமல் குடலுக்குப் போய்க் கரைய மேலே பூச்சு பூசியிருக்கிறார்கள். தலைவலிக்குத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் ஆஸ்பிரினும் இதுவும் ஒன்றென்று நினைக்காதீர்கள், அதில் நாலு மடங்குக்கு மேல் இருக்கும். வயிற்றுப்புண், ஆஸ்துமா, மூக்கில் சதை வளர்ச்சி, ஆஸ்பிரின் ஒவ்வாமை, பல் தேய்த்தாலே ஈறில் இரத்தம் கசிவது இவற்றில் ஏதாவது இருந்தால் டாக்டரிடம் சொல்லாமல் தொடவே தொடாதீர்கள். மாத்திரை சாப்பிடும்போது கொஞ்சம் இரத்தக்கசிவு கூடுதலாகத் தெரியலாம். அமெரிக்க ஆய்விலும் அது தெரிந்தது, ஆனால் அதற்கும் கரு கலைவதற்கும் தொடர்பு இல்லை என்று பார்த்திருக்கிறார்கள். அதற்காக வீட்டிலேயே படுத்துக்கொண்டு யோசிக்க வேண்டாம், கசிவு என்றால் போய்க் காட்டிவிடுங்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் நம் டெல்டாவில் டெங்கு இல்லாத வருஷம் உண்டா? டெங்குவில் தட்டணுக்கள் குறையும், இரத்தம் கசியும். அந்த நேரத்தில் ஆஸ்பிரின் உள்ளே இருப்பது ஆபத்து. காய்ச்சல் அடித்தால், 'நான் தினமும் ஆஸ்பிரின் சாப்பிடுறேன்' என்பதைக் காய்ச்சலுக்குப் பார்க்கும் டாக்டரிடம் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். வீட்டில் மறைத்துச் சாப்பிடுகிறவர்கள் இதைத்தான் சொல்லாமல் விடுகிறீர்கள். மாமியார் பக்கத்தில் நிற்கிறாரே என்று தயங்காதீர்கள். அவரைத் தண்ணீர் வாங்கிவர அனுப்பிவிட்டாவது சொல்லிவிடுங்கள்.

எனக்குச் சிரிப்பும் கோபமும் சேர்ந்து வரும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சீட்டில் இரண்டு மாத்திரை எழுதியிருக்கும். "அந்த மஞ்ச மாத்திரை இருக்கட்டும், ஈகோஸ்பிரின் மட்டும் குடுங்க" என்பீர்கள். அந்த மஞ்சள் மாத்திரை ஃபோலிக் ஆசிட். குழந்தையின் முதுகுத்தண்டும் மூளையும் கோளாறில்லாமல் உருவாக அது உதவும் என்பதில் இம்மியளவும் சந்தேகம் கிடையாது. கரு உண்டாவதற்கு முன்பே அதுதான் உள்ளே இருக்க வேண்டும். சந்தேகம் உள்ளதைக் கும்பிடுகிறீர்கள், நிச்சயமானதைக் கடையிலேயே விட்டுவிட்டுப் போகிறீர்கள். தைராய்டு, சர்க்கரை பார்த்தீர்களா என்று கேட்டாலும் இதே கதைதான்.

இந்த மடலை வீட்டில் வேறு யாராவது எடுத்துப் படிக்கலாம். படித்தால் நல்லது. மாமியார்மார்களே, கோயிலிலும் கல்யாணத்திலும் அந்தப் பெண்ணைப் பார்த்து 'ஏதாவது விசேஷம் உண்டா' என்று கேட்கிறவர்களுக்கு நீங்களே பதில் சொல்லி அனுப்பிவிடுங்கள். பப்பாளிப் பழத்தின் மீதுள்ள வழக்கையும் வாபஸ் வாங்குங்கள். தம்பிமார்களே, சீட்டைக் கொடுத்து அவளை மட்டும் அனுப்பிவிட்டு வண்டியிலேயே உட்கார்ந்து போன் பார்க்காதீர்கள். கரு கலைந்த மறுவாரமே வேலைக்குப் போகச் சொல்லும் முதலாளிகளுக்கு ஒன்று: மகப்பேறு நலச் சட்டம் 1961இலேயே, கரு கலைந்தால் ஆறு வாரம் சம்பளத்தோடு விடுப்பு என்று எழுதிவைத்தது. எனக்கு அது தெரியாமல் ஐந்தாம் நாள் கடைக்கு வந்து நின்றேன். அன்று முதல் வாடிக்கையாளர் கேட்டது குழந்தைக்கான கிரைப் வாட்டர்.

தஞ்சாவூர் மருத்துவரிடம் எனக்கு எல்லாப் பரிசோதனையும் எடுத்தார்கள். எதிலும் எதுவும் இல்லை. "ஆஸ்பிரின் சாப்பிடட்டுமா?" என்று கேட்டேன். "உனக்கு அது அவசியமில்ல. அல்சர், ஆஸ்துமா எதுவும் இல்லாததால பெரிய கெடுதலும் இல்ல. மனசு அதுலதான் நிக்கும்னா சாப்பிடு. ஒருநாள் விட்டுட்டேன்னு எங்கிட்ட வந்து அழக் கூடாது" என்றார். சாப்பிட்டேன். நடுவில் நாலைந்து நாள் மறந்தும் இருக்கிறேன். 2015இல் மகள் பிறந்தாள். மாத்திரையால் பிறந்தாளா என்று கேட்டால், சாப்பிடாமல் இருந்திருந்தாலும் பிறந்திருப்பாள் என்றே நினைக்கிறேன். அந்த 58லும் 53லும் நான் எந்த இடத்தில் நிற்கிறேன் என்று யாராலும் சொல்ல முடியாது, எனக்கும் தெரிய வேண்டியதில்லை. கல்யாண ஆல்பத்தைச் சென்ற பொங்கலுக்கு எடுத்துப் பார்த்தேன். கனகாம்பரம் நன்றாகத்தான் இருக்கிறது.

இப்போதெல்லாம் சீட்டு இல்லாமல் நான் இந்த மாத்திரையைக் கொடுப்பதில்லை. கோபித்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போகிறவர்கள் போகிறார்கள். அங்கே கிடைக்கும் என்று எனக்கும் தெரியும். போகாதவர்களுக்குப் பின்பக்கம் ஒரு ஸ்டூல் போட்டு வைத்திருக்கிறேன். எத்தனை முறை, எத்தனை வாரத்தில், என்ன பரிசோதனை எடுத்தீர்கள் என்று கேட்டு, டாக்டரிடம் கேட்க வேண்டியதை ஒரு தாளில் எழுதிக் கொடுப்பேன். அதற்குக் காசு கிடையாது. மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் வாருங்கள். பழைய ஸ்கேன் ரிப்போர்ட் இருந்தால் கொண்டு வாருங்கள். அதுவரை மாமனார் டப்பாவில் மட்டும் கை வைக்காதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் மெடிக்கல் அக்கா